மிசியே கந்தையாவின் செத்தவீடு

பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் நான் தேநீர் குடிக்கப் போகும் கடையில் இப்போது ஒரே கதைதான். ஆள் தட்டுப்பாடான வேலைகளில் நிற்கும் விசா இல்லாதவர்களுக்கு வதிவிடக் கார்ட் கொடுக்கலாம் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்ததிலிருந்து, உணவகக் குசினிகளில் வேலை செய்யும் பெடியள் என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போடுகிறார்கள். வேலையை விட்டு வீட்டில் இருக்கும் கிழவனுக்கு இந்த மரியாதை சும்மா வருமா?

“அண்ணை, நீங்கள் அந்த நாளிலை கிறேவிலை நிண்டு விசா எடுத்தனீங்களாமே. ஆர் உங்கடை லோயர்?” என்று கேட்கிறார்கள். கிறேவ் என்றால் வேலைநிறுத்தம். பாரிஸ் தமிழன் வேறு எந்தச் சொல்லைத் தமிழில் வைத்திருந்தாலும் அதைப் பிரெஞ்சில்தான் வைத்திருக்கிறான்.

“லோயர் இல்லையடா தம்பி. எனக்கு விசா எடுத்துத் தந்தது ஒரு செத்தவீடு” என்பேன்.

சிரிப்பார்கள். நான் விளங்கப்படுத்தத் தொடங்கினால், பாதியில் ஒருவனுக்கு வேலைக்கு நேரமாகிவிடும், மற்றவனுக்குத் தொலைபேசி அடிக்கும். ஆகையால் எழுதி வைக்கிறேன். பொறுமை இருக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

என் பெயர் சிவபாலன். அப்பாவின் பெயர் நல்லதம்பி. சாவகச்சேரிப் பக்கம். மூன்று தங்கச்சிமாரைக் கரைசேர்த்துவிட்டு நாற்பதை நெருங்கும்போதுதான் யோகாவைக் கட்டினேன். கட்டி ஐந்து மாதத்தில் அவளை அவளுடைய தாய் வீட்டில் விட்டுவிட்டு பிரான்சுக்கு வந்தேன். ஒரு வருடத்தில் கூப்பிடுகிறேன் என்று சொன்னேன். அகதிக் கோரிக்கையைக் கொடுத்தேன், நிராகரித்தார்கள். திரும்பக் கொடுத்தேன், திரும்ப நிராகரித்தார்கள். கூப்பிடுவது இருக்கட்டும், நானே இங்கே இல்லாத ஆள் ஆகிவிட்டேன்.

ஊரில் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த தேவராசா அண்ணை அப்போது பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் மனைவி பத்மாக்காவோடும் மகனோடும் இருந்தார். வெதுப்பகங்களுக்கு மா மூட்டை கொண்டுபோகும் லொறி ஓடினார். அவரிடம் பத்து வருடக் கார்ட் இருந்தது. ஒருநாள் என்னைக் கண்ணாடிக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒரே வழுக்கை, ஒரே மீசை, ஒரே தொங்கின கன்னம்.

“வெள்ளைக்காரனுக்கு நாங்கள் எல்லாரும் ஒண்டுதானே. கொண்டுபோ என்ரை பேரை. வேலை செய்” என்றார்.

இப்படிப் பெயர் இரவல் கொடுக்கிறவர்கள் அந்த நாளில் பலர் இருந்தார்கள். அதை வைத்துப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். அண்ணை அதற்காக என்னிடம் ஒரு தேத்தண்ணிகூட வாங்கிக் குடித்ததில்லை. அப்படி ஒரு மனிதரை நான் பிறகு காணவில்லை.

அந்தப் பெயரோடு போய் ஒரு பிராசரியில் சேர்ந்தேன். பெரிய மண்டபமும் சின்னக் குசினியுமாக இருந்த பழைய உணவகம் அது. கோப்பை கழுவினேன், உருளைக்கிழங்கு உரித்தேன், பிறகு மரக்கறி வெட்டினேன், பிறகு சோஸ் அடுப்புக்கு வந்தேன். இந்த நாலு சொல்லுக்குள் நாலு வருடம் இருக்கிறது. அதை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை, கை வெந்ததைத் தவிர.

சொல்ல வேண்டியது செஃப்பைப் பற்றி. பெரிய உடம்பு. ஆறுதலான நேரத்தில் குரல் வெளியே வராது. சாப்பாட்டு நேரம் தொடங்கினால் தெருவுக்குக் கேட்கும். உணவக முதலாளியும் அவரும் ஒரே ஊரில் ஒன்றாகப் படித்தவர்கள். முதலாளியை ‘நீ’ என்பார். கோப்பை கழுவுகிறவனை ‘நீங்கள்’ என்பார். எல்லோரையும் மிசியே, அதாவது ஐயா, போட்டுக் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார். இங்கேதான் எங்களுக்குச் சிக்கல். எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? கார்டில் அந்த இடத்தில் தகப்பன் பெயர்தான் இருக்கும். தேவராசா அண்ணையின் தகப்பன் கந்தையா. ஆகவே நான் மிசியே கந்தையா. அது பிரெஞ்சு வாயில் கொந்தியா ஆகும்.

கந்தையா அம்மான் எங்கள் ஊர் விதானையார். அவர் இருக்கும் திசையில் நின்று யாரும் அவர் பெயரைச் சொன்னதில்லை. சைக்கிளில் வந்தால் சுருட்டைக் கையில் மறைப்பார்கள். அப்படிப்பட்ட மனிதரின் பெயரை, வெங்காயம் உரிக்கச் சொல்லி ஒரு பிரெஞ்சுக்காரர் கத்துகிறார். நான் “வீ, செஃப்!”, ஓம் செஃப், என்று பதில் சொல்கிறேன். முதல் கிழமை எனக்குக் காது கூசியது. பிறகு பழகிவிட்டது. பழகியதென்ன, நித்திரையில் கொந்தியா என்று கூப்பிட்டாலும் எழும்பி நிற்பேன்.

அந்தக் குசினியின் உயிர் எலும்புச்சாறு. அதைத்தான் எல்லா சோசுக்கும் அடியாக ஊற்றுவோம். கன்றின் எலும்பை முதலில் சூட்டடுப்புக்குள் வைத்து நன்றாகச் சிவக்க வாட்ட வேண்டும். கருகினால் கசக்கும், சிவக்காவிட்டால் சாறு வெளிறிக் கிடக்கும். பிறகு கரட்டும் வெங்காயமும் போட்டு, தண்ணீர் விட்டு, கொதிக்கவும் விடாமல் ஆறவும் விடாமல் நாள் முழுக்க வைத்திருக்க வேண்டும். மேலே வரும் நுரையை அகப்பையால் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கிளறக் கூடாது. செஃப் காலையில் மேலங்கியைக் கழற்ற முன்னமே வந்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையைப் பானையின் பக்கத்தில் வைப்பார். பிறகு ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்துவிட்டு, கரண்டியைப் பானையின் விளிம்பில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு என்றால் ஊற்றிவிட்டுத் திரும்ப வை. இதற்கு மேல் பாராட்டும் இல்லை, ஏச்சும் இல்லை. அந்த ஒற்றைத் தட்டுக்காக நான் எத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்! கன்றின் எலும்பு என்று யோகாவுக்கு மட்டும் சொல்லவில்லை. விரதம் பிடிக்கிற பெண். ஆட்டெலும்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

யோகாவோடு பேசுவது போன்கார்டில்தான். லா சப்பல் சந்தியில் கார்டை வாங்கிச் சுரண்டி இலக்கத்தை அடித்தால், அவள் முதலில் கேட்பது, “சாப்பிட்டீங்களே?” பிறகு கேட்பது, “ஏதும் சரிவந்துதே?” முதல் கேள்விக்கு எப்போதும் ஓம். இரண்டாவதற்கு நான் வெளியில் குளிரைப் பற்றிச் சொல்லத் தொடங்குவேன். அவள் முப்பது தாண்டி என்னைக் கட்டியவள். ஒவ்வொரு வருடமும் அவளுக்கும் வயது போகிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசமாட்டோம்.

2009 வைகாசியில் ஊரில் சண்டை முடிந்தது. அது எப்படி முடிந்தது என்று எழுத எனக்குக் கை வராது. அந்த வசந்தம் முழுக்க வேலை முடிந்த நேரமெல்லாம் நாங்கள் ஆர்ப்பாட்டத்தில் தெருவில் நின்றோம். பிறகு, அகதிக் கோரிக்கையோடு போனவர்களிடம், இனி அங்கே சண்டை இல்லையே, உங்களுக்கு என்ன பயம் என்று கேட்கத் தொடங்கினார்கள். எனக்கு இருந்த கடைசிக் கதவும் அதோடு சாத்தியது.

அந்த வருடம் இலையுதிர்காலத்தில்தான் கிறேவ் தொடங்கியது. குசினிகளில், கட்டடங்களில், துப்புரவு வேலைகளில் இரவல் பெயரோடு உழைத்த ஆட்கள், “நாங்கள்தான் உங்கள் கோப்பையைக் கழுவுகிறோம், நாங்கள்தான் உங்கள் வீட்டைக் கட்டுகிறோம், எங்களுக்கு விசா இல்லை” என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு வேலையை விட்டு இறங்கினார்கள். ஒளிந்திருப்பதுதான் எங்கள் பிழைப்பு. அதை விட்டுவிட்டுச் சொந்தப் பெயரோடு வெளிச்சத்தில் போய் நிற்பது என்றால் சும்மா விசயமா?

எங்கள் குசினியில் கோப்பை கழுவின மூசாவும் போனான். மாலி நாட்டுக்காரன். கூரையில் தலை இடிக்கிற உயரம். அவனும் மச்சானுடைய கார்டில் நின்றவன். என் கதை அவனுக்குத் தெரியும், அவன் கதை எனக்குத் தெரியும்.

“வா, சிவா. பின்னேரம் நாங்கள் கிறேவில் குந்தியிருக்கும் இடத்தில் உனக்கு ஒரு கதிரை போட்டு வைக்கிறேன்” என்றான்.

செஃப்புக்கு கிறேவ் என்ற சொல்லே ஆகாது. அடுப்பில் பானை இருக்கும்போது வெளியே போகிறவன் சமையல்காரனே இல்லை என்பார். ஆனால் மூசா போன அன்று அவனுக்குப் பதிலாக ஆள் எடுக்க முதலாளி வந்தபோது, “தேவையில்லை” என்று சொல்லிவிட்டு, தானே கையை மடித்துக்கொண்டு கோப்பைகளைக் கழுவினார். கழுவும்போது முழு நேரமும் மூசாவைத் திட்டினார்.

நான் போகவில்லை. போக எனக்கு ஆசை தின்றது. ஆனால் நான் என் பெயரைச் சொன்னால் தேவராசா அண்ணையின் பெயரும் வெளியே வரும். அண்ணை அப்போது பிரெஞ்சுக் குடியுரிமைக்கு, எங்கள் பேச்சில் நஸனாலித்தேக்கு, போட்டுவிட்டு நேர்முகத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கார்டை இரவல் கொடுத்தவர் என்று தெரிந்தால் குடியுரிமையும் போகும், வழக்கும் வரும்.

ஞாயிற்றுக்கிழமை லெ பிளாங்-மெனிலுக்குப் போய் அவரிடம் கேட்டேன். அவர் மேசையில் இருந்து பிரெஞ்சுப் புரட்சியைப் பாடமாக்கிக்கொண்டிருந்தார். நேர்முகத்தில் கேட்பார்களாம்.

பத்மாக்கா குசினிக்குள் இருந்து, “விடிய எழும்பினால் அரசன்ரை தலையை வெட்டுறார், படுக்கப் போகேக்கையும் வெட்டுறார். எனக்கு அந்த மனுசனிலை பாவமாய்க் கிடக்கு” என்றா.

அண்ணை என் முகத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். “பாலன், நீ ஏன் வந்தனி எண்டு எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறடா அப்பன். நஸனாலித்தே கையிலை வந்த அடுத்த நாள், நானே உன்னைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தக் கறுவலுக்குப் பக்கத்திலை இருத்திவிடுறன். யோகாவுக்கும் சொல்லு, அண்ணை சொன்னவர் எண்டு.”

“சரி அண்ணை” என்றேன். வேறென்ன சொல்ல?

தை மாதம், பொங்கல் முடிந்து சில நாளில் அண்ணை செத்துப்போனார். மாரடைப்பு. நெஞ்சு வலித்திருக்கிறது போலும். மா லொறியைத் தெரு ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அவசர விளக்கையும் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தாராம். யாருக்கும் இடைஞ்சல் செய்யாத மனிதர், சாகும்போதும் செய்யவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழும்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. கந்தையா தேவராசா செத்துவிட்டார் என்று நகரசபையில் பதிந்துவிடுவார்கள். இனி அந்தப் பெயரில் ஒருத்தன் வேலைக்குப் போக முடியாது. செத்தவன் எப்படி எலும்பு அவிப்பான்? என்ன காரணம் சொல்லி லீவு கேட்பது? ஒரு பொய் சொன்னால் அதை மூட ஒன்பது பொய் வேண்டும். பேசாமல் மறைந்துவிட்டால் அண்ணையின் குடும்பத்துக்கும் கரைச்சல் இல்லை, செஃப்புக்கும் கரைச்சல் இல்லை என்று நினைத்துத் தொலைபேசியை அணைத்துவிட்டேன்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருத்தர் செத்தால் லா சப்பல் கடைக் கதவுகளில் அறிவித்தல் ஒட்டுவோம். அங்கே ரூ பெர்தொனே என்ற தெருவில் நகைக்கடைக் கண்ணாடியிலும் ஒட்டியிருந்தது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராதென்று கீழே பிரெஞ்சிலும் பெயர், தகனம் செய்யும் இடம், நேரம் எல்லாம் போடுவது வழக்கம். படத்துக்குப் பத்மாக்கா வீடு முழுக்கத் தேடினா. அண்ணை படமெடுக்கப் பஞ்சிப்படுகிற ஆள். கடைசியில் கார்டுக்கு எடுத்த படத்தைத்தான் பெருப்பித்தார்கள். அந்தக் கார்டின் பிரதிதான் பிராசரியில் என் கோப்பில் கிடந்தது. இதை நான் யோசிக்கவில்லை. அந்த நேரத்தில் யார் யோசிப்பார்கள்?

இரண்டு நாள் நான் வேலைக்குப் போகாமல் விட, செஃப் என்னைத் தேடி லா சப்பலுக்கு வந்திருக்கிறார். என் விலாசம் தெரியாது. நான் கறுவாவும் ஏலக்காயும் அங்கேதான் வாங்குவேன் என்று மட்டும் தெரியும். கடை கடையாகக் கொந்தியாவை விசாரித்துக்கொண்டு நடந்த மனிதர், நகைக்கடைக் கண்ணாடியில் கொந்தியாவின் படத்தைக் கண்டார். பெயரும் சரி, முகமும் சரி. கீழே பிரெஞ்சில் நேரமும் இடமும்.

தகனத்தன்று நான் மண்டப வாசலில் நின்றேன். மகன் உள்ளே ஐயரோடு இருந்தான். வருகிறவர்களைக் கும்பிட்டு உள்ளே அனுப்புவது என் வேலை. மத்தியானம். மழைத் தூறல். அப்போது படலையைத் தாண்டி ஒரு வரிசை வந்தது. முன்னால் கறுப்பு மேலங்கியோடு செஃப், கையில் பெரிய மலர்வளையம். அவருக்குப் பின்னால் இரண்டாவது செஃப், பிறகு இறைச்சி அடுப்புக்காரர், பிறகு மரக்கறி, பிறகு இனிப்பு. குசினியில் யார் யாருக்குப் பின்னால் நிற்பார்களோ அதே ஒழுங்கு. கடைசியில், எல்லோர் தலைக்கும் மேலால் மூசாவின் தலை. செஃப் கிறேவ் நடக்கும் இடத்துக்கே போய் அவனையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்! மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குசினியைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். செஃப்பின் தாய் செத்த அன்றுகூட அந்தக் குசினி பூட்டியதில்லை.

எனக்கு ஓடவும் தெரியவில்லை, ஒளிக்கவும் தெரியவில்லை. கும்பிட்ட கை கும்பிட்டபடி நின்றேன்.

முதலில் கண்டது மூசா. கண்டவன் செத்தவீடு என்றும் பாராமல் கெக்கட்டம் போட்டுச் சிரித்துவிட்டான். சிரித்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். கண்ணீர் வழிந்தது. செஃப் அவனைக் கோபமாகத் திரும்பிப் பார்த்து, அவன் பார்த்த திசையில் பார்த்து, என்னைக் கண்டார்.

மலர்வளையம் அவர் கையில் சரிந்தது. முகம் மாவாக வெளுத்தது. கிட்ட வந்து புறங்கையை என் கன்னத்தில் வைத்தார். பானையில் வைக்கிறதுபோலவே.

“கொந்தியா?” என்றார்.

“செஃப்...” என்றேன்.

என்னை மண்டபத்துக்குப் பக்கவாட்டில், தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“உள்ளே பெட்டியில் இருப்பது யார்?”

“மிசியே கந்தையா, செஃப்.”

“அப்படியானால் நீங்கள் யார்?”

“நல்லதம்பி. சிவபாலன் நல்லதம்பி.”

“எப்போதிருந்து?”

“பிறந்ததிலிருந்து, செஃப். உங்களிடம் வந்த நாள் முதல் கந்தையா.”

அவர் சிகரெட் ஒன்றை எடுத்து, பற்றவைக்காமல் விரலில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். காவலரைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார் என்று நினைத்தேன்.

“உள்ளே இருக்கிறவர் சமைப்பாரா?” என்று கேட்டார்.

“இல்லை செஃப். தேத்தண்ணிகூடப் போடமாட்டார். லொறி ஓட்டுகிறவர்.”

“அப்போ இத்தனை வருடம் என் பானைக்குப் பக்கத்தில் நின்றது நீங்கள்.”

“வீ, செஃப்.”

“எனக்கு அது தெரிந்தால் போதும்” என்றார். சிகரெட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். மேலங்கியைச் சரிசெய்துகொண்டு, முழுப் பட்டாளத்தையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மலர்வளையத்தில் ‘எங்கள் கொந்தியாவுக்கு’ என்று எழுதியிருந்தது. அதை அண்ணையின் காலடியில் வைத்துவிட்டு, வாழ்நாளில் கண்டிராத அந்த மனிதருக்கு முன்னால் ஒவ்வொருவராகத் தலைகுனிந்து நின்றார்கள். செஃப் அதிக நேரம் நின்றார்.

பத்மாக்கா அழுகையை நிற்பாட்டிவிட்டு என் கையைப் பிடித்தா. “ஆரடா இந்த வெள்ளையள்?”

“அண்ணையோடை வேலை செய்த ஆக்கள், அக்கா.”

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தா. அவவுக்கு விளங்கிவிட்டது. “நல்ல மனுசர். வந்திட்டினமே” என்று சொல்லி இன்னும் கூட அழுதா.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, நான் அக்காவிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வாழையிலை பொறுக்கிக்கொண்டிருந்தேன். அக்காதான் தொடங்கினா.

“பாலன், அவருக்கு இனி நஸனாலித்தேயும் இல்லை, பொலிசும் இல்லை. அவர் செய்யிறன் எண்டு சொன்னதை நான் தடுக்கமாட்டன். நாளைக்குப் போய் உன்ரை பேரைச் சொல்லு. யோகா இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது?”

மறுநாள் போனேன். மூசா சொன்ன கதிரை உண்மையாகவே இருந்தது. மழையில் நனைந்து ஒரு கால் ஆடும் பிளாஸ்டிக் கதிரை. அதில் இருந்து, என் பெயரையும் அப்பா பெயரையும் சத்தமாகச் சொன்னேன். அங்கே இருந்தவர்கள் கைதட்டினார்கள். தன் பெயரைச் சொன்னதற்கு ஒருவனுக்குக் கைதட்டுவார்களா? அங்கே தட்டினார்கள். எல்லோருக்கும் தட்டினார்கள். மாலிக்காரர், சீனர், மொரோக்கோக்காரர், எங்கள் ஆட்கள் என்று அந்தக் குளிரில் ஒன்றாக இருந்து, ஒருவர் பாசையில் மற்றவர் ஏசப் பழகினோம். நாடு நாடாகச் சோறு சமைத்தோம். அந்த நாட்களில் எனக்கு விசாவும் இல்லை, வேலையும் இல்லை, நாளைக்கு என்ன என்றும் தெரியாது. இருந்தும் மூசாவைக் கண்டால் இப்போதும் அந்த நாட்களைப் பற்றித்தான் கதைப்பேன். அப்படி ஒரு கூட்டத்துக்குள் நான் திரும்ப ஒருபோதும் இருக்கப்போவதில்லை.

ஆனால் கார்ட் தருவதற்கு ஒரு அத்தாட்சி வேண்டும். கந்தையா என்ற பெயரில் வேலை செய்தவரும் நல்லதம்பி என்பவரும் ஒரே ஆள்தான் என்று முதலாளி எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். எங்கள் முதலாளி மாட்டேன் என்றார். விசா இல்லாதவனை வைத்திருந்ததாகத் தன் வாயால் சொன்னால் தண்டம் வரும் என்று பயம். “எங்களிடம் வேலை செய்த கொந்தியா இறந்துவிட்டார். நாங்கள் மலர்வளையமும் வைத்தாயிற்று. நல்லதம்பி என்று யாரையும் எனக்குத் தெரியாது” என்று சொல்லி அனுப்பினார். மலர்வளையத்தையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார், பாருங்கள். அந்த அத்தாட்சி இல்லாவிட்டால் என் உழைப்பெல்லாம் செத்தவர் கணக்கில். யோகா சாவகச்சேரியில்.

பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. இரண்டாவது செஃப் சொன்னார், பிறகு குசினியில் எல்லோரும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். கோடை தொடங்கும் நேரம். மத்தியானம், மண்டபம் நிறைய ஆட்கள். செஃப் எலும்புச்சாற்றுப் பானைக்குக் கீழே நெருப்பை அணைத்தார். அந்த நெருப்பை வேலை நேரத்தில் அணைத்து ஒருவரும் கண்டதில்லை. முன்சீலையை அவிழ்த்து மடித்து வைத்தார். மண்டபத்துக்குள் போய், சனங்களுக்கு நடுவில் ஒரு மேசையில் இருந்து, துவாயை மடியில் விரித்து, “இன்றைய சாப்பாடு கொண்டுவாருங்கள்” என்று கேட்டார். பரிமாறுகிறவன் குசினிக்குள் ஓடினான். அங்கே எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முதலாளி ஓடிவந்தார்.

“உனக்கென்ன பைத்தியமா? எழும்பு!”

“நான் வாடிக்கையாளன். பசிக்கிறது” என்றாராம் செஃப். “உன்னிடம் சோஸ் செய்கிற ஆள் யார் என்று சொல்லு. செத்தவரா, உயிரோடு இருப்பவரா? சொன்னால் எழும்புகிறேன்.”

சனம் எல்லாம் முள்ளுக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்ததாம். கிறேவ் என்ற சொல்லைக் கேட்டாலே காறித் துப்புகிற மனிதர், அதை அந்த மேசையில் இருந்து செய்து முடித்தார். முதலாளி அன்றே எழுதிக் கொடுத்தார். எனக்கும், மூசாவுக்கும்.

அடுத்த நாள் செஃப்பிடமிருந்து எனக்குத் தகவல் வந்தது. வாழ்த்து ஒன்றும் இல்லை. “எலும்பு வந்திருக்கிறது” என்று மட்டும்.

போனேன். பானைக்குப் பக்கத்தில் நின்றேன். சாப்பாட்டு நேரம் சூடுபிடித்ததும் செஃப் பழக்கத்தில் “கொந்தியா!” என்று கத்தினார். குசினி அப்படியே நின்றது. எனக்கு அண்ணையின் முகம் வந்தது. “வீ, செஃப்!” என்றேன். அவர் தலையைக் குனிந்து ஏதோ துடைத்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி, “மிசியே நலாதாம்பி” என்றார்.

என் அப்பா கூலிவேலைக்குப் போனவர். ஊரில் ஒருவரும் அவரை நீங்கள் என்று கூப்பிட்டதில்லை. ‘டேய் நல்லான்’தான். கந்தையா அம்மானே அப்படித்தான் கூப்பிடுவார். அந்தப் பெயரை மிசியே போட்டுக் கூப்பிட்டதைக் கேட்க அப்பா இருக்கவில்லை. நான்தான் இருந்தேன். அன்று சாறுக்கு ஒரு தட்டு விழுந்தது.

யோகா வர இன்னும் இரண்டு வருடம் போனது. விமான நிலையத்தில் நான் அவளையும் அவள் என்னையும் தேடிக்கொண்டு ஒருவரை ஒருவர் தாண்டிப் போனோம். ஐந்து மாதம் பார்த்த முகம்தானே. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை வந்திருக்க வேண்டிய வருடங்கள் போன்கார்டில் போயின. சிலவேளை குசினி மேசையில் இருந்து வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருக்கும்போது அவள், “இப்ப இருந்திருந்தால் பள்ளிக்கூடம் முடிச்சிருக்கும், என்ன?” என்பாள். “ஓம்” என்பேன். ஆட்டெலும்பு இல்லை, கன்று எலும்பு என்று அவளுக்கு வந்த பிறகுதான் சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

செஃப் எனக்கு முன்னமே ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார். கிறிஸ்மசுக்கு ஒருமுறை தொலைபேசி எடுப்பேன். “சாறு எப்படி?” என்பார். கரண்டியைத் தொலைபேசியில் ஒருதடவை தட்டுவேன். அவர் அங்கே சிரிப்பது கேட்கும். நானும் வேலையை விட்ட பிறகு தட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் வெறும் கோப்பையில் தட்டினேன். அதற்கும் சிரித்தார்.

இந்த மாரியில் அவர் இறந்துவிட்டார் என்று இரண்டாவது செஃப் சொன்னார். மூசாவும் நானும் ரயிலில் போனோம். சின்ன ஊர், சின்னத் தகன மண்டபம். நான் கறுப்பு மேலங்கி போட்டுக்கொண்டு, லா சப்பலில் கட்டுவித்த மாலையையும் மலர்வளையத்தையும் கொண்டுபோனேன். பழைய குசினி ஆட்கள் படலையடியில் கூடி, ஒருவரும் சொல்லாமலே, அடுப்பு ஒழுங்கில் வரிசையாக நின்றார்கள். அன்று அங்கேயும் தூறல்.

வாசலில் ஒருவர் வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டு நின்றார். பெரிய உடம்பு. தலை குனிந்திருந்தது. மூசா என் கையை இறுக்கிப் பிடித்தான். அவனும் பார்க்கிறான் என்று தெரிந்தது. நான் மலர்வளையத்தைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தேன், இந்த வயதுக்கு அப்படி நடக்கக் கூடாது. அன்று வாசலில் நான் நின்றதுபோல் இவரும் நிற்கிறார் என்று, கிட்டப் போகும்வரைக்கும் எனக்கு நம்பிக்கை இருந்தது.

அவர் தலையை நிமிர்த்தினார். செஃப்பின் தம்பி.